அசையாமல் நின்றவன்

பாரீஸ் நகரத்தில் ஒரு பெரிய சாலை. பெயர் பூல்வார் து டாம்ப்ள். வருடம் 1838. நாடகக் கொட்டகைகள் நிறைந்த பகுதி என்பதால் எந்நேரமும் ஜே ஜே என்று கூட்டம். குதிரை வண்டிகள், கூவி விற்பவர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள். நம்ம பாண்டி பஜார் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்தச் சாலையைத் தன் வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர் படம் பிடித்தார். லூயி டாகெர். புகைப்படக் கலையின் பிதாமகர்களில் ஒருவர். படம் பிரமாதமாக வந்தது. கட்டடங்கள், மரங்கள், நடைபாதைக் கல் உள்பட அத்தனையும் துல்லியம். ஒரே ஒரு சிக்கல். சாலையில் ஒரு ஈ, காக்கை இல்லை!

கூட்டம் எங்கே போச்சு? எங்கும் போகவில்லை. அந்தக் காலக் கேமராவுக்குப் பல நிமிடம் வெளிச்சம் வேண்டும். அத்தனை நேரமும் ஓரிடத்தில் இருக்கிற பொருள்தான் தகட்டில் பதியும். ஓடிக்கொண்டே இருந்தவர்கள் யாரும் விழவில்லை.

ஆனால், படத்தின் இடது கீழ் மூலையில் உற்றுப் பாருங்கள். ஒரு மனிதர் நிற்கிறார். ஒற்றைக் காலைத் தூக்கி வைத்திருக்கிறார். எதிரே இன்னொருவர் குனிந்து அவருடைய ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார். பாலிஷ் முடிகிறவரைக்கும் அசைய முடியாதே? நின்றார். விழுந்தார். கேமராவில் பதிந்த முதல் மனிதர்கள் என்று சரித்திரம் இன்றைக்கும் இந்த இரண்டு பேரைத்தான் சொல்கிறது.

அவசரமாகப் போன ஆயிரம் பேருக்குச் சரித்திரத்தில் இடமில்லை. சும்மா நின்றவருக்கு இருக்கிறது.

இந்தக் கதையை இருபது வருடத்துக்கு முன்பே எங்கோ படித்திருக்கிறேன். ‘அட’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அதன் அர்த்தம் புரிந்தது பழவேற்காட்டில்.

*

அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ராத்திரி தூக்கம் கிடையாது. இரண்டு மணி, மூன்று மணி, கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பேன். டாக்டரிடம் போனேன். மாத்திரை எழுதினார். மாத்திரை தன் வேலையைச் செய்தது, குறை சொல்லக்கூடாது. கூடவே அவர் சொன்னார்: “தினமும் கொஞ்ச நேரம் வெளிய போங்க. எதையாவது நிதானமா பாருங்க.”

நிதானமாகப் பார்ப்பதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் பழவேற்காடு. சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகப் போனால் அறுபது கிலோமீட்டருக்குள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. பெரும்பங்கு ஆந்திரா பக்கம், தெற்கு முனை நம் பக்கம். ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு. அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறார்கள், இந்தப் பக்கம் இறால் பிடிக்கிறார்கள்.

குளிர்காலம். பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. படகில் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தால், அது நடக்காது. 2011-ம் வருடம் டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை வந்தது. கரையில் நின்றே பார்த்தேன்.

பார்த்தேன் என்றா சொன்னேன்? பொய். செல்போனை எடுத்துச் சுட்டேன். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்குள் நானூற்றுச் சொச்சம் படம்! பி.காம். படித்தவன் புத்தி. போக வர பெட்ரோல் செலவாகியிருக்கிறது. அதற்குத் தகுந்த வரவு வேண்டாமா?

கரையில் ஒருவர் வலைக்குக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகன், பன்னிரண்டு வயசு இருக்கும். நான் போனைப் பையில் போட்டதும் பையன் வந்து கேட்டான்.

“சார், சாம்பல் கலர்ல எத்தினி இருந்துச்சி?”

“சாம்பலா? எல்லாம் வெள்ளையும் ரோஸுமாத்தானே இருந்துச்சு?”

“இல்ல சார். சின்னதுங்கோ. அதுங்க சாம்பலாத்தான் இருக்கும்.”

போனைத் திறந்து தேடினேன். பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாம் கலங்கல். வெறும் கண்ணால் திரும்பிப் பார்த்தேன். இருந்தன! கூட்டத்தின் ஓரமாக, அழுக்குச் சாம்பல் நிறத்தில், ஏழெட்டுப் பறவைகள். பூநாரை பிறக்கும்போதே ரோஸாகப் பிறப்பதில்லை. அது தின்கிற பாசியிலும் சிறு உயிர்களிலும் உள்ள நிறமிதான் ஏறி ஏறி அந்த நிறத்தைக் கொடுக்கிறது. அதற்குச் சில வருடம் பிடிக்கும். அதுவரை சாம்பல்தான்.

இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறேன். நானூறு படம் எடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. பாரீஸ் சாலையில் ஓடிப்போய் மறைந்துவிட்ட ஆயிரம் பேரில் நானும் ஒருவன் என்று அப்போதுதான் உறைத்தது.

*

இது என் தனிப்பட்ட வியாதி இல்லை என்பதுதான் ஆறுதல். அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற உளவியல் பேராசிரியை இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். மாணவர்களை ஒரு மியூசியத்துக்கு அழைத்துப்போனார். ‘சில பொருள்களை வெறுமே பாருங்கள், சிலவற்றைப் படம் எடுங்கள்’ என்றார். மறுநாள் ‘என்னவெல்லாம் பார்த்தீர்கள்?’ என்று விசாரணை. 2014-ல் வெளியான முடிவு: படம் எடுத்த பொருள்கள்தான் அதிகம் மறந்துபோயிருந்தன. ‘கேமரா பார்த்துக்கொள்ளும்’ என்று மூளை லீவு எடுத்துக்கொண்டுவிடுகிறது.

ஆனால் அதே ஆராய்ச்சியில் ஒரு திருப்பம் உண்டு. பொருளின் ஏதாவது ஒரு பகுதியை, அதாவது சிலையின் கை, ஜாடியின் கழுத்து என்று, கிட்டே இழுத்து எடுக்கச் சொன்னபோது மறதி வரவில்லை. எடுக்காத பகுதி உள்பட முழுசாக ஞாபகம் இருந்தது. எதை எடுப்பது என்று யோசிக்கிறவன் பார்க்கிறான். எல்லாவற்றையும் எடுக்கிறவன் பார்ப்பதில்லை.

ஆக, கேமராமேல் குற்றமில்லை. அவசரத்தின்மேல்தான் குற்றம்.

கேமரா பிறந்தபோது இந்த அவசரம் அதற்குத் தெரியாது. நம்ம மதராஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1856-ல் இங்கே ஒரு போட்டோகிராபி சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். கலைப்பள்ளி நடத்திக்கொண்டிருந்த டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் அதற்கு முக்கியப் புள்ளி. அடுத்து லினேயஸ் ட்ரைப் என்ற ராணுவ கேப்டனை மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராகப் போட்டார்கள். மனுஷர் 1857 டிசம்பரில் தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர். பெரிய பெட்டிக் கேமரா, மெழுகு தடவிய காகித நெகடிவ், ரசாயன ஜாடிகள் எல்லாம் மாட்டு வண்டியில். ஒரு படத்துக்கு இடம் பார்க்க, வெயில் சாய, காத்திருக்க என்று பொழுதே போய்விடும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் ஒரு காரியம் செய்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிறதே கல்வெட்டு, அதை வரிசையாக நகர்ந்து நகர்ந்து படம் பிடித்தார். 21 படங்கள். ஒட்டினால் 19 அடி நீளச் சுருள்! அவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் ஒரு எழுத்தையும் விடாமல் பார்த்திருக்கிறார்.

என்ன ஆச்சு? புதிதாக வந்த கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்குப் பார்த்தார். ‘இதெல்லாம் ஆடம்பரச் செலவு’ என்று இழுத்து மூடிவிட்டார். (அவரும் என் கட்சி போலிருக்கிறது. வரவு, செலவு!) ட்ரைப் அதற்குப் பிறகு கேமராவை அனேகமாகத் தொடவே இல்லை. நீண்ட காலம் வாழ்ந்து 1902-ல் இறந்தார்.

*

கேமராவால் மனசைக் குணப்படுத்தலாம் என்று முதன்முதலில் யோசித்தவர் ஒரு டாக்டர். அதுவும் அந்த 1850-களிலேயே!

பெயர் ஹியூ வெல்ச் டயமண்ட். இங்கிலாந்தில் சர்ரே மாவட்ட மனநோய் விடுதியில் பெண்கள் பிரிவுக்குப் பொறுப்பாளர். போட்டோ பைத்தியம் என்றுகூடச் சொல்லலாம், இடம் பொருத்தமில்லை என்றாலும். தன் நோயாளிகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் படம் எடுத்தார். பிறகு அந்தப் படங்களை அவர்களிடமே காட்டினார்.

யோசித்துப் பாருங்கள். கண்ணாடிகூட அதிகம் பார்க்கக் கிடைக்காத இடம். உறவுகள் கைவிட்ட பெண்கள். அவர்கள் கையில் அவர்களுடைய முகமே அச்சாகி வந்து விழுகிறது. ஒரு இளம்பெண், வயது 20. தான் பெரும் சொத்துக்காரி, மகாராணி என்று பிரமை. தன் படங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். அவற்றைப் பற்றியே அடிக்கடி பேசினாள். அதுதான் குணமடைவதற்கு முதல் படி என்று டயமண்ட் எழுதினார். அவள் கடைசியில் வீடு திரும்பினாளாம். 1856-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதை ஒரு கட்டுரையாகவே வாசித்தார்.

கைதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். அந்தப் பெண்களிடம் ‘படம் எடுக்கட்டுமா?’ என்று யாராவது கேட்டார்களா? முகத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம் என்ற ஒரு கோணல் நம்பிக்கையும் டயமண்டுக்கு இருந்தது. அந்த நம்பிக்கை பின்னால் குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் ‘தன்னைத் தானே பார்த்துக்கொள்வது ஒரு மருந்து’ என்று அவர் சொன்ன பாதி மட்டும் செத்துப்போகவில்லை.

இன்னொரு பாதியை, அதாவது வெளியே பார்ப்பதும் ஒரு மருந்து என்பதை, வாழ்ந்து காட்டியவர் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். பிரெஞ்சுக்காரர். 20-ம் நூற்றாண்டின் மகா போட்டோகிராபர்களில் ஒருவர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியை அவர் சந்தித்துவிட்டு வந்த கொஞ்ச நேரத்திலேயே சுட்டுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் இருந்த இடம் நம்ம திருவண்ணாமலை! ரமண மகரிஷியின் கடைசி நாள்களைப் படம் பிடித்தவர் அவர்தான். 1950 ஏப்ரல் 14 இரவு, வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் அருணாசல மலைப் பக்கமாக மெதுவாக நகர்ந்து போனதைப் பார்த்தார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார். மணி 8.47. ரமணர் உடலை விட்ட நேரம் அது.

அந்த நட்சத்திரத்துக்குப் படம் கிடையாது. நேரம்தான் உண்டு. உலகத்திலேயே வேகமான விரல் கொண்ட மனிதர், அந்த நேரத்தில் கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறார். ஜென் வில்வித்தை பற்றிய ஒரு சிறு புத்தகத்தை ஓவியர் பிராக் அவருக்குக் கொடுத்திருந்தார். அதைத் தன் தொழிலுக்கு வழிகாட்டி என்றே அவர் சொல்லி வந்தார். குறியை நினைக்காதே, கவனத்தை நினை. அம்பு தானாகப் போகும். எழுபதுகளில் கேமராவை அனேகமாக ஓரம் கட்டிவிட்டு, பென்சில் எடுத்து வரைய உட்கார்ந்துவிட்டார். இன்னும் நிதானமாகப் பார்ப்பதற்கு!

*

மறுபடி பழவேற்காடு போனேன். இந்த முறை ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு படம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது.

அப்பாவிடம் ஒரு யாஷிகா கேமரா இருந்தது. ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 படம். பொங்கலுக்குப் போட்டால் தீபாவளிவரை வரவேண்டும். “சிரி… இரு… தலையைத் தூக்கு” என்று அவர் எங்களை நிற்கவைத்துப் படுத்துகிற பாட்டில் சிரிப்பே மறந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் இன்னும் எத்தனை பாக்கி என்று எண்ணுவார். அந்தக் கஞ்சத்தனம் ஒரு பயிற்சி என்று எனக்கு நாற்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது.

பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டதும் வேடிக்கையாக ஒன்று நடந்தது. முதல் ஒரு மணி நேரம் ஒரு படமும் எடுக்கவில்லை. கண்தான் வேலை செய்தது. ஏரியில் வரிசையாக நட்டிருக்கிற கம்புகள். ஒவ்வொரு கம்பு உச்சியிலும் ஒரு பறவை, சண்டை போடாமல். முகத்துவாரத்திலிருந்து தண்ணீர் ஏறும்போது நிறம் மாறுகிற கோடு. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்ட வாசலில் நிற்கிற இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். 1610 வாக்கில் இங்கே கடை விரித்து, 1613-ல் கெல்டிரியா என்று கோட்டை கட்டி ஆண்டவர்கள் அவர்கள். கேமரா இல்லாத காலம். ஞாபகம் வேண்டுமென்றால் கல்லில்தான் செதுக்க வேண்டும். கோட்டை இன்றைக்கு மண்மேடு. கல்லறை எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

வலைக்காரரோடு உட்கார்ந்து பேசினேன். “இன்னிக்கு ஏரிக்குப் போகலையாண்ணே?” என்றேன்.

“இன்னிக்கு நம்ம பாடு இல்ல சார்” என்றார்.

பாடு! பழவேற்காட்டு மீனவர்களின் பழைய ஏற்பாடு இது. இறால் நிறையக் கிடைக்கும் இடங்களை இஷ்டத்துக்கு வளைத்துப் போட முடியாது. இன்ன இடம், இன்ன நாள், இன்னார் முறை என்று சீட்டுப் போட்டு, சுழற்சியில் வரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று குப்பங்களும் இதில் பிரதானம். அடிதடி இல்லாமல் ஏரியைப் பங்கிட்டுக்கொள்ள இவர்களே கண்டுபிடித்த சட்டம். வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் எல்லாம் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

உன் முறை வரும்வரை காத்திரு. என் பன்னிரண்டு படச் சட்டத்தை இவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே போட்டுவிட்டார்கள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ரொம்ப நேரம் நீடிக்கவில்லை அந்தப் பெருமை.

கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண்மணி குனிந்து நகர்ந்துகொண்டிருந்தார். வலையும் இல்லை, படகும் இல்லை. இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார். பிடித்ததைப் போட வாயில் கடித்தபடி ஓலைப் பை. பறி என்பார்கள். இருளர் சமூகத்துப் பெண்கள் காலம் காலமாகச் செய்கிற வேலை. பாடு முறையில் அவர்களுக்கு இடம் கிடையாது. பாடு இல்லாதவர்களின் பாடு அது!

கையாலேயே பார்க்கிற கண். இதைவிடப் பெரிய கவனம் உலகத்தில் உண்டா? நான் போனைத் தூக்கினேன். அவர் நிமிர்ந்தார். பறியை வாயிலிருந்து எடுத்தார்.

“வேணாம் சார்” என்றார்.

அவ்வளவுதான். கோபமில்லை. மறுபடி குனிந்துகொண்டார். நான் போனைப் பையில் போட்டேன். அந்தப் படம் என்னிடம் இல்லை. ஆனால் இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது.

*

அன்றைக்கு வீடு திரும்பும்போது ஒரு கேள்வி கூடவே வந்தது. கேமரா என் மனசுக்கு நல்லது. சரி. எதிரே நிற்பவர் மனசுக்கு?

கடற்கரைக்காரர்கள் கேமராவை நிறையவே பார்த்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். அந்த வாரம் கரையெல்லாம் கேமரா. அழுகிற முகங்கள் உலகம் பூராவும் அச்சாயின. ஆனால் அந்த வீடுகளின் சுவரில் இருந்த கல்யாணப் படம், காதுகுத்துப் படம்? அவற்றைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது.

படம் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, யமமோட்டோ என்ற கடற்கரை ஊரில் சேற்றிலிருந்து சுமார் ஏழரை லட்சம் புகைப்படங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். யாருடைய படமோ! தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவி, காயவைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, சொந்தக்காரர்களைத் தேடித்தேடிக் கொடுத்தார்கள். வீடு போச்சு, வேலை போச்சு என்கிற நேரத்தில் ஜனங்கள் வரிசையில் நின்று தேடியது இதைத்தான். அப்பா முகம். குழந்தை முகம்.

அப்படியானால் யார் கையில் கேமரா இருக்கிறது என்பதுதான் விஷயம். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இரண்டு பெண்கள் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் ஒரு பரீட்சை செய்தார்கள். கிராமத்துப் பெண்கள் 62 பேர் கையில் கேமராவைக் கொடுத்தார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ‘உங்கள் வாழ்க்கையை நீங்களே எடுங்கள், பிறகு உட்கார்ந்து பேசுவோம்.’ தாய் வயலில் வேலை செய்ய, குழந்தை தனியாகக் கிடக்கிற மாதிரியான படங்கள் வந்தன. அதிகாரிகள் பார்த்தார்கள். குழந்தைகள் காப்பகம் பற்றிப் பேச்சு வந்தது. ‘போட்டோவாய்ஸ்’ என்று அதற்குப் பெயர். படம் பேசும் குரல். இன்றைக்கு மனநல வேலை செய்கிறவர்களும் உலகம் பூராவும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

நம்ம ஊரில் இதற்கு உதாரணம் எம்.பழனிகுமார். மதுரை பக்கத்துக்காரர். அம்மா மீன் விற்பவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பாரி என்ற கிராமப்புற ஆவண இதழின் போட்டோகிராபர். 2022-ல் தயானிதா சிங் பெயரிலான விருது இவருக்கு வந்தது. தன் படங்களோடு நிறுத்திக்கொள்ளாமல், கேமராவைக் குழந்தைகள் கையில் கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். மீனவர் பிள்ளைகள், தூய்மைப் பணியாளர் பிள்ளைகள். வடசென்னைப் பிள்ளைகள் எடுத்த படங்களின் கண்காட்சி 2023-ல் சென்னையில் நடந்தது. ‘வடசென்னை’ என்றால் சினிமாவில் வருகிற அரிவாள் அதில் இல்லை. அம்மாவின் கை இருந்தது. வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிற அப்பா இருந்தார். வெளியிலிருந்து போகிறவன் எடுத்தால் அது பரிதாபம். பிள்ளை எடுத்தால் அது பெருமை.

*

சரி, நமக்கென்ன வழி? ரொம்பச் சுலபம். நாளைக்கு ஒரே ஒரு படம். அதற்கு மேல் வேண்டாம். லிஸ் ப்ரூஸ்டர், ஆண்ட்ரூ காக்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் தினம் ஒரு படம் எடுப்பவர்களைக் கவனித்து 2018-ல் எழுதினார்கள். வேலை அழுத்தத்தில் இருந்தவர்களுக்கும், தனிமையில் இருந்தவர்களுக்கும் அது ஒரு பிடிமானமாக இருந்ததாம். படத்தைவிட, ‘இன்றைக்கு எதை எடுக்கலாம்’ என்று தேடின நேரம்தான் மருந்து.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2016-ல் வெளியான இன்னொரு ஆராய்ச்சி, படம் எடுப்பது சந்தோஷமான அனுபவத்தை இன்னும் சந்தோஷமாக்குகிறது என்றது. ஆனால் கசப்பான அனுபவத்தை இன்னும் கசப்பாக்கிவிடுகிறதாம்! ஆகவே எல்லாவற்றுக்கும் கேமரா பதில் இல்லை. தூக்கம் போய்விட்டதா, உயிர் வாழவே பிடிக்கவில்லையா, டாக்டரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில் அரசாங்கத்தின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நானே மாத்திரை சாப்பிட்டவன்தான். கேமரா மாத்திரைக்குத் துணை. மாற்று இல்லை.

அன்றைக்கு என் கணக்கில் பதினோரு படம் முடிந்து ஒன்று பாக்கி இருந்தது. வலைக்காரர் மகனிடம் போனைக் கொடுத்தேன். “ஒண்ணுதான் இருக்கு. நீ எடு” என்றேன்.

பூநாரைப் பக்கம் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. சுற்றிச் சுற்றி வந்தான். உட்கார்ந்தான். எழுந்தான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கடைசியில் அப்பாவின் எதிரே மண்டிபோட்டு, வலைக்குள் ஊசி நுழைகிற நேரம் பார்த்து ஒரு தட்டு தட்டினான். இரண்டு கைகள். நகத்தில் உப்பு. நைலான் கயிறு அறுத்த பழைய தழும்புகள்.

அடுத்த தடவை போகும்போது அதை பிரிண்ட் போட்டு எடுத்துப்போய்க் கொடுத்தேன். வலைக்காரர் வாங்கி வெகுநேரம் பார்த்தார். “என் கையா இது?” என்றார்.

ராத்திரி வீட்டுக்கு வந்து பழைய ஆல்பங்களை இறக்கினேன். நான் இருக்கிறேன், அம்மா இருக்கிறாள், தங்கை இருக்கிறாள், மொட்டை மாடி, மெரினா, மகாபலிபுரம் எல்லாம் இருக்கிறது. யாஷிகாவுக்குப் பின்னால் நின்றவர்தான் எதிலும் இல்லை. முப்பத்தாறு முப்பத்தாறாக எண்ணி எண்ணி எங்களை எடுத்தவரின் கையை ஒரு முறைகூட யாரும் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் எடுத்தாயிற்றா?